கிராம வங்கியில் அம்மாவின் டெபாசிட்: இருக்கட்டுமா, எடுத்துடலாமா?

பாலக்கோட்டுப் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா பாலக்கோடு பக்கம் கிராமத்துல தனியா இருக்காங்க. வயசு 67. அப்பா போன பிறகு ரோட்டோரம் இருந்த கொஞ்சம் நிலத்தை வித்தோம். அதுல அம்மா பங்குக்கு வந்த 9 லட்சம் தமிழ்நாடு கிராம வங்கியில எங்க ஊர்க் கிளையில டெபாசிட்டா கிடக்குது. ரெண்டு ரசீது. ஒண்ணு 5 லட்சம், இன்னொண்ணு 4 லட்சம். அந்த 5 லட்சம் வர்ற மாசி மாசம் முடியுது. ரெண்டுமே அம்மா பேர்ல மட்டும்தான்.

தம்பி பெங்களூர்ல வேலை பாக்கறான். பொங்கலுக்கு வந்தவன் ஆரம்பிச்சுட்டான். "கிராம வங்கியெல்லாம் ஒண்ணா இணைக்கறாங்கன்னு நியூஸ்ல வந்துச்சு. அது யாரோட பேங்க்குன்னே தெரியல. இந்தியன் பேங்க் ஹோல்டிங் கம்பெனி மாதிரி மேல உக்காந்திருக்குது, கீழ இருக்கறது கவுந்தா அவங்க பொறுப்பேத்துக்க மாட்டாங்க. மொத்தத்தையும் எடுத்து தனியார் பேங்க்ல போடு, வட்டியும் கூட, ஆப்லயே பாத்துக்கலாம்"னு சொல்றான். அவனும் அம்மா நல்லதுக்குத்தான் சொல்றான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.

அம்மா அசைய மாட்டேங்கறாங்க. வீட்ல நாங்க பேசறது கன்னடம், அம்மாவுக்குத் தமிழ்ல கையெழுத்து மட்டும்தான் வரும். "அந்த ஆபீசர் என் ரசீதை எடுத்து, இது என்னைக்கு முடியுது, எவ்வளவு வரும்னு விரல் வச்சுக் காட்டிச் சொல்றாரு. போன்ல நான் யாரைக் கேக்கறது?"ங்கறாங்க.

இந்த வங்கி நிஜமா யாருக்குச் சொந்தம்? இணைப்பு வந்தா அம்மா பணம் என்னாகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நான் முடிவெடுக்கணும்.

ஓய்வுபெற்ற மேலாளர், தருமபுரி:

வணக்கம்மா. நான் அதியமான் கிராம வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, தமிழ்நாடு கிராம வங்கியில் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். வேலை செய்த ஊர்களெல்லாம் நம் பக்கம்தான்: பாலக்கோடு, காரிமங்கலம், அரூர் சுற்று வட்டாரம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இணைப்பு. தருமபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு இருந்தது அதியமான் கிராம வங்கி. தகடூரை ஆண்டவன் பெயரை ஒரு வங்கிப் பலகையில் பார்ப்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. கடலூரில் இருந்த வள்ளலார் கிராம வங்கியும் அதுவும் 2006இல் சேர்ந்து, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்லவன் கிராம வங்கி ஆயின. தென் மாவட்டங்களில் விருதுநகரிலிருந்து பாண்டியன் கிராம வங்கி நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டையும் 2019 ஏப்ரல் 1 அன்று ஒன்றாக்கியதுதான் இன்றைய தமிழ்நாடு கிராம வங்கி. தலைமையிடம் சேலமேதான்.

உங்கள் தம்பி பார்த்த செய்தி 2025 மே மாதத்தது என்று நினைக்கிறேன். ஒரு மாநிலத்துக்கு ஒரு கிராம வங்கி என்று சொல்லி, நாடு முழுக்க 43 ஆக இருந்ததை 28 ஆகக் குறைத்தார்கள். ஆந்திரம், கர்நாடகம், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் நடந்தது அது. தமிழ்நாட்டில் இருப்பது 2019லேயே ஒன்றுதான் என்பதால் நம் பக்கம் அதில் எதுவும் மாறவில்லை. 2006, 2019 என்று இரண்டு இணைப்பையும் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் நான். பலகை மாறும், பாஸ்புக் அட்டை மாறும், கணினியில் இரவு பகலாக வேலை இருக்கும். டெபாசிட் போட்டபோது சொன்ன வட்டியும் முதிர்வுத் தேதியும் அப்படியே தொடரும். பழைய வங்கியின் கடமை அத்தனையும் புது வங்கியின் தலையில் சட்டப்படியே ஏறிவிடும்.

இனி யாருக்குச் சொந்தம் என்பது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் ஐந்து இடங்களில் கிராம வங்கிகள் தொடங்கின. 1976இல் இவற்றுக்கென்று தனிச் சட்டமே வந்தது. கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊரைத் தெரியும், ஆனால் கையில் பணம் குறைவு. பெரிய வங்கியிடம் பணம் இருக்கிறது, ஊரைத் தெரியாது. இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அன்றைய எண்ணம். அந்தச் சட்டப்படி பங்கில் 50 சதவீதம் மத்திய அரசு, 15 சதவீதம் மாநில அரசு, 35 சதவீதம் ஸ்பான்சர் வங்கி, அதாவது பின்னால் நின்று நடத்திவிடும் பெரிய வங்கி. நமக்கு ஸ்பான்சர் இந்தியன் வங்கி. தலைவரை அங்கிருந்து அனுப்புவார்கள். ஆகவே இந்தியன் வங்கி பங்குதாரர்களில் ஒருவர், அவ்வளவே. பெரிய பங்கு மத்திய அரசுடையது. கட்டுப்பாடு ரிசர்வ் வங்கியிடம், ஆய்வுக்கு வருவது நபார்டு என்கிற வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி. யாருடையது என்று தெரியாத வங்கி இல்லை இது.

ஆனாலும் உங்கள் தம்பி கவலைப்படுவதில் ஒரு இடம் சரி. அம்மா பணம் 9 லட்சமும் ஒரே வங்கியில், ஒரே பெயரில் கிடக்கிறது. ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டி.ஐ.சி.ஜி.சி. தரும் வைப்புக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒரு ஆளுக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். முன்பு 1 லட்சமாக இருந்தது, 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். ஒரே வங்கியில் பத்துக் கிளையில் பிரித்துப் போட்டாலும் கூட்டி ஒன்றாகத்தான் கணக்கு. தனியார் வங்கிக்கும் இதே வரம்புதான் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள். மொத்தத்தையும் தூக்கி அங்கே போட்டால் காப்பீடு ஒரு ரூபாய் கூட ஏறாது.

இதற்கு வழி அந்தக் கிளைக்குள்ளேயே இருக்கிறது. தனிப்பெயரில் உள்ள டெபாசிட் வேறு, கூட்டுப்பெயரில் உள்ளது வேறு என்றுதான் காப்பீட்டில் எடுத்துக்கொள்வார்கள். மாசியில் 5 லட்சம் முடியும்போது வட்டியை அம்மா கைச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, ஒரு நாலரை லட்சத்தை அம்மாவும் நீங்களும் சேர்ந்த பெயரில் போடுங்கள். மீதியைச் சேமிப்புக் கணக்கில் வைக்காமல் அஞ்சலகத்தில் போட்டுவிடலாம். அதற்கு மத்திய அரசே பொறுப்பு. 4 லட்சம் ரசீது அம்மா பெயரிலேயே இருக்கட்டும். இப்படிச் செய்தால் இரண்டும் தனித்தனியாக வரம்புக்குள் வந்துவிடும். முதிர்வுக்கு முன்னால் உடைக்காதீர்கள், வட்டியில் பிடிப்பார்கள்.

இன்னொன்று. இந்தியன் வங்கியில் அம்மாவுக்குக் கணக்கு இருந்தால் அதற்குத் தனி 5 லட்சம். இரண்டும் வேறு வேறு வங்கி.

கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையை, விரல் வைத்துக் காட்டுகிறார் என்பதை, அப்படியே கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

நான் கடன் பிரிவில் இருந்தபோது தக்காளிக்குக் கடன் கேட்டு வருவார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டி விலையை நம்பித்தான் அந்தப் பக்கம் பாதிக் குடும்பம் ஓடுகிறது. சிட்டா, அடங்கல் எல்லாம் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நான் அதைப் பார்ப்பதற்கு முன்னால் போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை நேரம் ஓடினால் காற்று வாங்குகிறது என்று கேட்பேன். பிறகு தோட்டத்துக்கே போய் மோட்டாரைப் போடச் சொல்லி, குழாய் வாயில் தண்ணீர் எப்போது இடறத் தொடங்குகிறது என்று நின்று பார்ப்பேன். அரை மணி நேரம் கூட நிற்காத தண்ணீரை நம்பி ஒரு ஏக்கர் தக்காளிக்குக் கடன் கொடுத்தால், கொடுத்த நாமும் வாங்கிய அவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம். அங்கேயே நின்று, "பாதிக்குத் தக்காளி போடுங்க, மீதிக்கு ராகி போதும்" என்று சொல்லியிருக்கிறேன். அடங்கலில் தண்ணீர் தெரியாது.

கிசான் கார்டில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் திரும்பிவரும், ஆக 4 சதவீதம். இது எல்லோரும் சொல்வது. ஒரு நாள் தள்ளிக் கட்டினாலும் அந்த 3 சதவீதம் போய்விடும் என்பதை யார் சொல்கிறார்கள்? தேதி நெருங்கும்போது, மண்டியில் விலை அடிபட்டுக் கிடக்கும்போது, ஆள் அனுப்பியோ தெரிந்தவர் மூலமோ சொல்லி அனுப்பினால் அந்தக் குடும்பம் எப்படியாவது புரட்டிக் கட்டும். அப்படியும் முடியாமல் போனவர்களிடம், குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் தவறினால்தான் வாராக்கடன் என்று விதியை எடுத்துச் சொல்லி, தண்டல்காரரிடம் ஓடாதீர்கள் என்று உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். சேலத்தில் இருப்பவருக்கும் டெல்லியில் இருப்பவருக்கும் இது செய்ய முடியாது. கிளையில் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஊர் தெரிய வேண்டும். என் கவலை எப்போதும் அதைப் பற்றித்தான். இணைப்பில் பணம் தொலையாது. ஆனால் ஒரு கிளையில் ஆள் குறைந்து, இருப்பவரும் வெளியே போக நேரமில்லாமல் போனால், மோட்டாரைப் போட்டுப் பார்க்க ஆள் இருக்காது.

ஓசூர் கணக்கர்:

சார் சொன்னதுக்கு மேல பெருசா சேர்க்க ஒண்ணும் இல்ல. அந்த ஹோல்டிங் கம்பெனி விஷயத்தை மட்டும் நான் சொல்றேன் தங்கச்சி. ஓசூர்ல ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில கணக்குப் பிரிவுல இருக்கேன், இதெல்லாம் எங்க அன்றாடப் பேச்சு.

உங்க தம்பி சொல்ற மாதிரி அமைப்பு அமெரிக்காவுலதான் ரொம்ப சகஜம். அங்க 1956லயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. மேல ஒரு ஹோல்டிங் கம்பெனி, அதோட பங்கு சந்தையில விக்கும், வாங்கும். கீழ ஒரு வங்கியோ நாலஞ்சு வங்கியோ இருக்கும். சின்ன ஊர்க் கிளையில பழைய உள்ளூர்ப் பேரே தொங்கும், சொந்தக்காரன் வேற ஊர்ல இருப்பான். மேல இருக்கற கம்பெனியை மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் பாக்கும். கீழ வங்கியில நாம போடற டெபாசிட்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் எஃப்.டி.ஐ.சி. காப்பீடு. மேல இருக்கற கம்பெனியோட பங்குக்கும் பத்திரத்துக்கும் ஒரு காப்பீடும் கிடையாது. 2023 மார்ச்சுல சிலிக்கான் வேலி பேங்க் விழுந்தப்ப இதுதான் நடந்துச்சு. டெபாசிட் போட்டவங்களுக்கு முழுப் பணமும் வந்துருச்சு. மேல இருந்த எஸ்.வி.பி. ஃபைனான்ஷியல் குரூப் அடுத்த வாரமே திவால் மனு கொடுத்துச்சு, பங்கு வச்சிருந்தவங்க கதை அதோட முடிஞ்சுது.

நம்ம நாட்டுலயும் சில தனியார் வங்கிக்கு மேல ஹோல்டிங் கம்பெனி இருந்துச்சு, இருக்குது. சென்னையில இருக்கற ஈக்விடாஸ் அப்படி இருந்து, 2023ல ஹோல்டிங்ஸை வங்கிக்குள்ளயே கரைச்சுட்டாங்க. பந்தன் பேங்க்குக்கு இன்னும் மேல ஒரு கம்பெனி இருக்குது. கிராம வங்கி இந்த வகையிலயே வராது. அதோட பங்கைச் சந்தையில யாரும் வாங்கிட முடியாது, சார் சொன்ன மூணு பேர்கிட்டதான் இருக்குது.

நம்ம கண்ணுக்கு முன்னால நடந்தது ஒண்ணு இருக்குது. கரூர் லட்சுமி விலாஸ் பேங்க், 1926ல ஆரம்பிச்சது. 2020 நவம்பர் 17ஆம் தேதி 25,000 ரூபாய்க்கு மேல எடுக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. 27ஆம் தேதி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோட சேர்த்துட்டாங்க, தடையும் போயிருச்சு. டெபாசிட்காரங்களுக்கு ஒரு பைசா குறையல. பங்கு வச்சிருந்தவங்களுக்கு மொத்தமும் பூஜ்யம். ஆக, வங்கியில நாம பணம் போடும்போது எந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடறோம்ங்கறதுதான் முக்கியம். டெபாசிட்டா, பங்கா, பத்திரமா, இன்சூரன்சா?

இன்சூரன்ஸ்னு சொன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க மாமா ஒரு வங்கியில எஃப்.டி. போடத்தான் போனாரு. வட்டி கூட வரும்னு சொல்லி ஒரு கட்டு காகிதத்துல கையெழுத்து வாங்கியிருக்காங்க. அடுத்த வருஷம் பிரீமியம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தப்பதான் அது ஆயுள் காப்பீட்டு பாலிசின்னே தெரிஞ்சுது. பாதியில நிறுத்தினதுல கட்டின பணத்துல பெரும்பங்கு போச்சு. அவரு பேசவே கூச்சப்பட்டாரு, அதைப் பாக்க எனக்குப் பொறுக்கல. உங்கம்மா எந்த வங்கிக்குப் போனாலும் கூட ஒரு ஆள் போங்க. கையில வாங்கற ரசீதுல முதிர்வுத் தேதியும் முதிர்வுத் தொகையும் இருக்கணும், ஆண்டு பிரீமியம்னு ஒரு வார்த்தை இருந்தா எழுந்து வந்துடுங்க.

பென்னாகரம் குழு அக்கா:

சாமி, நானும் ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன். பென்னாகரம் பக்கம் மகளிர் குழுவுல ஊக்குநரா இருக்கேன்.

இந்தக் குழு சங்கதி தமிழ்நாட்டுலயே முதல்ல ஆரம்பிச்சது நம்ம தருமபுரி மாவட்டத்துலதான், 1989ல. அப்ப கிருஷ்ணகிரியும் நம்மகூடத்தான் இருந்துச்சு. ஐ.நா.வோட வேளாண் நிதியம் உதவி செஞ்ச திட்டம் அது. எங்க மாமியார் அந்த முதல் காலத்துக் குழுவுல இருந்தவங்க. பேங்க்கு வாசப்படி ஏறவே பயமா இருக்கும், செருப்பை வெளிய விட்டுட்டுப் போவோம்னு சொல்வாங்க. இன்னைக்கு எங்க குழுவுல நாங்க மூணு பேரு போனா மேனேஜர் நாற்காலி போட்டு உக்கார வைக்கறாரு. எங்க தீர்மான நோட்டை ஒவ்வொரு பக்கமா புரட்டிப் பாப்பாரு. யாரு எந்த மாசம் சேமிப்பு கட்டல, யாருக்கு உள்கடன் கொடுத்தோம், அந்தக் கடன் மாட்டுக்கா, மகள் கல்யாணத்துக்கான்னு பேரைச் சொல்லிக் கேப்பாரு. குழு கடனுக்கு 20 லட்சம் வரைக்கும் அடமானம் கிடையாது. அந்த நோட்டும் எங்க மேல இருக்கற நம்பிக்கையும்தான் அடமானம்.

பாலக்கோட்டுத் தங்கச்சி, உங்கம்மா சொன்னது எனக்கு நல்லாப் புரியுது. எங்க குழுவுல ஒரு பாட்டிக்கு விரல் ரேகை தேஞ்சு போச்சு, புளி உடைச்சு உடைச்சு. மிஷின்ல ஒவ்வொரு விரலா வச்சும் எடுக்கல. பாட்டி அழுதுருச்சு. கிளையில இருந்த பொண்ணு அந்தக் கையை ஈரத்துணியால தொடச்சு, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வச்சுப் பாத்துச்சு. அதுக்கும் வரலன்னதும் பாஸ்புக்கையும் பழைய சீட்டையும் வச்சு ஆளை உறுதிப்படுத்தி, பணம் எடுக்கற சீட்டுல கைநாட்டு வாங்கி, ரெண்டு சாட்சி போட்டுக் கொடுத்துச்சு. வயசானவங்க பணத்தை எங்க வேணா வைங்க, கையைப் பிடிச்சுப் பாக்கற ஆள் இருக்கற இடத்துல வைங்க.

பாலக்கோட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பிக்கு இதை அப்படியே அனுப்பினேன். அவன் கவலையில ஒரு இடம் சரின்னு சார் சொன்னதும் குரல் மாறிடுச்சு, கூட்டுப்பேர் யோசனைக்கு உடனே சரின்னுட்டான். ஆனா இன்னொரு கேள்வி வச்சிருக்கான்: கூட்டுப்பேர்ல அக்கா பேர் மட்டும் இருந்தா நாளைக்கு எனக்கு என்னன்னு. நேராவே கேட்டான், அது எனக்குப் பிடிச்சுது. அவனுக்கும் உரிமை இருக்குதில்லையா. இதுக்கு என்ன செய்யறது?

அப்புறம் பக்கத்து வீட்டு மாமா, ஊர் கூட்டுறவு சொசைட்டியில வட்டி கொஞ்சம் கூடத் தர்றாங்க, அஞ்சலகத்துல போடச் சொன்னதை அங்க போடுங்கறாரு. சொசைட்டிக்கும் அந்த 5 லட்சக் காப்பீடு உண்டா சார்?

ஓய்வுபெற்ற மேலாளர், தருமபுரி:

தம்பி நேராகக் கேட்டது நல்லதுதான்மா. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். அம்மா பெயரில் இருக்கும் 4 லட்சத்துக்கு உங்கள் இருவரையும் பாதிப்பாதியாகப் போடச் சொல்லுங்கள். கூட்டு டெபாசிட்டை அம்மா, நீங்கள், தம்பி என்று மூவர் பெயரிலும் போடலாம், காப்பீட்டுக்கு அதுவும் தனிக் கணக்குதான். யாரெல்லாம் கையெழுத்துப் போட்டால் பணம் எடுக்கலாம் என்ற கட்டத்தை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டு நிரப்புங்கள். அம்மா இருக்கும்வரை அம்மா கையெழுத்தில்லாமல் யாரும் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் ஆள் மட்டுமே, சொத்துரிமை வாரிசுச் சட்டப்படி அல்லது உயில்படிதான். இதை அம்மா முன்னால் வைத்து இருவரும் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கன்னடத்தில் விளக்கிச் சொல்லுங்கள்.

சொசைட்டிக்கு அந்தக் காப்பீடு கிடையாது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேறு, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வேறு. மத்தியக் கூட்டுறவு வங்கியில் நேராகப் போட்டால் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, ஊர்ச் சங்கத்தில் போட்டால் இல்லை. பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் உரத்துக்கும் சங்கம் நமக்கு அவசியம், நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அம்மாவின் கடைசிக் காலத்துப் பணத்துக்கு அரை சதவீத வட்டி கூடுதல் என்று அங்கே போக வேண்டாம். அஞ்சலகமே இருக்கட்டும்.

போகும்போது அசல் ரசீது, அம்மாவின் ஆதார், பான் அட்டை, உங்களுடையதும் தம்பியுடையதும், மூவரின் போட்டோ எல்லாம் எடுத்துப் போங்கள். கூட்டுப்பெயர் என்பதால் தம்பியும் ஒருமுறை நேரில் வர வேண்டியிருக்கும், லீவு பார்த்து இப்போதே சொல்லி வையுங்கள். சந்தை நாளிலும் மாத முதல் வாரத்திலும் போகாதீர்கள், அன்றைக்கு முதியோர் உதவித்தொகைக் கூட்டம் இருக்கும், உங்களுக்காக உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்காது.